ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரும் தண்ணீர்

மாடிக் குளியலறைக் குழாயில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர் கொட்டியது. மற்ற நாட்களில் காலையில் திறந்தால் ஒரு இருமல், இரண்டு சொட்டு, அவ்வளவுதான்.

வீட்டின் சொந்தக்காரி இதை எங்களிடம் ஒளிக்கவில்லை. அவர் தையல் டீச்சர். கீழே தெருவைப் பார்த்த முன்னறையில் வெகுகாலம் தையல் வகுப்பு நடத்தியவர், இப்போது தங்கை வீட்டோடு போய்விடத் தீர்மானித்திருந்தார். நாங்கள் முதன்முதலில் வீடு பார்க்கப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் கணவர் குழாயைத் திருகி, தண்ணீர் விழும் வேகத்தைப் பார்த்து முகம் மலர்ந்து நிற்கும்போதே டீச்சர் பக்கத்தில் வந்து நின்றார்.

“இன்னைக்கு வரும். நாளைக்குக் காலையில வராது. ஏன்னு மட்டும் கேக்காதீங்க, எனக்கே தெரியாது.”

அவர் சொல்லாவிட்டால் எங்களுக்குத் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் வீடு பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைதான். எங்களுக்கு முன்னால் வந்தவர்களிடமும் அவர் இப்படித்தான் சொல்லியிருக்கிறார், அவர்களும் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள். வால்வு கெட்டுப்போச்சு என்று ஏதாவது ஒரு காரணம் சொல்லியிருந்தால் யாராவது வாங்கியிருப்பார்கள். காரணம் தெரியாத பழுதுக்குத்தான் மனிதர்கள் பயப்படுகிறார்கள்.

குழாய்க்காரரைக் கூப்பிட்டுக் காட்டவில்லையா என்று கேட்டேன். பலமுறை காட்டியாயிற்றாம். அவர் மற்ற வேலைகளை முடித்துவிட்டு மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் வருவார், திறப்பார், தண்ணீர் கொட்டும். “நல்லாத்தானே வருது” என்று சொல்லிவிட்டுப் போவார். மறுநாள் காலையில் மறுபடியும் இருமல். டீச்சருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. குளியலறைக்குப் புது டைல்ஸ் போட்ட வருஷத்திலிருந்துதான் இந்தத் தொல்லை.

“அந்த டைல்ஸ்காரன் பைப்புக்குள்ள சிமென்ட்ட விட்டுட்டான்.”

“சிமென்ட்டுக்கு ஞாயித்துக்கிழமை தெரியுமா டீச்சர்?”

“அவன் போட்ட சிமென்ட்டுக்குத் தெரியும்” என்றார்.

இந்த வீடு எங்கள் கைக்கு எட்டும் விலையில் கிடந்ததற்கும் அந்தக் குழாய்தான் காரணம். எங்கள் ரயில் பாதையில் வீடு தேடுவது ஒரு தனிக் கலை. நகரத்திலிருந்து ஒவ்வொரு ஸ்டேஷன் தள்ளிப் போகப் போக, அதே விலைக்கு ஒரு ஜன்னல் கூடும், பிறகு ஒரு அறை கூடும், இன்னும் போனால் வாசலில் ஒரு மரமும் சேரும். ஆனால் கூடிய ஜன்னலுக்கு முன்னால் உட்கார்ந்து வெளியே பார்க்க நேரம் இருக்காது, அது பயணத்தில் போய்விடும். இதை உடைப்பது விரைவு வண்டி. அது எல்லா ஊரிலும் நிற்பதில்லை. நிற்கிற ஊரில் வீட்டு விலை துள்ளிவிடும், நிற்காத ஊரில் படுத்துக் கிடக்கும். டீச்சரின் ஊரில் விரைவு வண்டி நிற்கிறது. வீட்டு மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் ஸ்டேஷன் பிளாட்பாரமே தெரிகிறது. இத்தனையும் இருந்து விலை மட்டும் படிகிறது என்றால், எங்கோ இடிக்கிறது என்று அர்த்தம்.

எனக்கு அந்த முன்னறை வேண்டும். நான் முடி வெட்டுகிறவள். நகரத்தில் ஒரு அழகு நிலையத்தில் இத்தனை வருஷமாக இன்னொருவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று வெட்டிக்கொண்டிருக்கிறேன். டீச்சரின் முன்னறைக்குள் நுழைந்ததும், ஊசியில் நூல் கோப்பதற்காக அவர் வைத்த பெரிய ஜன்னலைப் பார்த்தேன். முகத்தில் நிழல் விழாத வெளிச்சம். கண்ணாடியை எந்தச் சுவரில் மாட்டலாம், நாற்காலியை எங்கே போடலாம் என்று நான் மனதுக்குள் அடுக்கி முடிக்கும்போது மற்றவர்கள் இன்னும் சமையலறையில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஸ்டேஷனுக்குப் போகிற ஒவ்வொருவரும் அந்த ஜன்னலைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆனால் காலையில் தண்ணீர் இல்லாத இடத்தில் முடி திருத்தும் கடை வைக்க முடியாது.

என் கணவர் பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். காலையில் அந்த அறையைத் திறக்கிறவர் அவர்தான். அவர் ஒரு வண்டியைத் தவறவிட்டால், கையும் காலும் ஒடிந்தவர்கள் வராந்தாவில் வரிசையாக அவருக்காக உட்கார்ந்திருப்பார்கள். அதனால் அவருக்கு வீட்டைப் பற்றி ஒரே ஒரு நிபந்தனைதான்: குளித்துவிட்டு விரைவு வண்டியைப் பிடிக்க வேண்டும். அது முடிந்தால் கையெழுத்துப் போடுவார், முடியாவிட்டால் மாட்டார்.

இதற்கு மேல் என் மாமனார். எங்களோடு ஒற்றை அறையில் இருந்தார். அந்த அறையையும் மாத முடிவில் காலி செய்தாக வேண்டும், சொந்தக்காரர் தன் மகனுக்குக் கேட்டுவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் மாமனார் தன் மகனைப் பார்த்து, “குளிக்காம வேலைக்குப் போறதுக்கு வீடு எதுக்குடா? பிளாட்பாரத்துலயே படுத்துக்கோ, ரயிலும் பக்கம்” என்றார். கொஞ்சம் கழித்து, “எலும்பு வரைக்கும் பாக்கிற ஆளு, ஒரு பைப்புக்குள்ள பாக்க முடியல” என்றும் சேர்த்துக்கொண்டார்.

டீச்சர் எங்களுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரைதான் தவணை கொடுத்திருந்தார். வீட்டை இடித்துவிட்டு, ஸ்டேஷனுக்கு வருகிறவர்கள் வண்டி நிறுத்தும் இடமாக ஆக்க ஒருவர் கேட்டிருந்தார். அவருக்குக் குழாயைப் பற்றிக் கவலையே இல்லை. டீச்சருக்கு மனம் இல்லை, ஆனாலும் வேறு ஆள் இல்லாவிட்டால் கொடுத்துவிடுவார்.

எனக்கு வாரத்தில் புதன்கிழமை விடுமுறை. அந்தப் புதன்கிழமை விடிந்ததும் ரயிலேறினேன். வேலைநாள் காலையில் அந்த வீட்டை இதுவரை வாங்க வந்தவர்கள் யாருமே பார்த்ததில்லை என்பதுதான் என் கையில் இருந்த ஒரே துருப்புச் சீட்டு. நகரத்திலிருந்து வெளியே போகிற வண்டி அந்த நேரத்தில் காலியாக இருக்கும். காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு போனேன்.

இறங்கியபோது எதிர் பிளாட்பாரத்தில் ஊரே நின்றுகொண்டிருந்தது. விரைவு வண்டிக்காகக் காத்திருக்கிற கூட்டம். என் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு, முகத்துக்கு முன்னால் முடியைத்தான் பார்ப்போம். பார்த்தேன். சீப்பு போன தடம் அழியாமல் படிந்த தலைகள். காலரில் ஈரம் இறங்கிய சட்டைகள். நுனியில் சொட்டிக்கொண்டிருந்த பின்னல்கள். ஒரு பெண் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இன்னும் துண்டால் துவட்டிக்கொண்டிருந்தாள். உலர்ந்த தலை ஒன்றாவது கிடைக்குமா என்று பிளாட்பாரத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தேடினேன். கிடைக்கவில்லை. வழுக்கைகள்கூடப் பளபளத்தன.

அத்தனை பேரும் சற்று முன்னால்தான் குளித்திருக்கிறார்கள். ஒரே நேரத்தில்.

எங்கள் கடையில் ஒரு பழக்கம் உண்டு. தலை அலசும் தொட்டிகள் மூன்று, மூன்றுக்கும் சுவருக்குள் ஒரே குழாய். ஒருத்தி மட்டும் அலசினால் தண்ணீர் பிய்த்துக்கொண்டு வரும். மூன்று பேரும் சேர்ந்து திறந்தால், கடைசித் தொட்டியில் நிற்கிறவளுக்குத் தூறல்தான் விழும், அவள் வாடிக்கையாளர் கண்ணில் ஷாம்பு இறங்கும். அதனால் குழாயைத் திறப்பதற்கு முன் “அலசுறேன்” என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொன்னதும் மற்ற இருவரும் மூடிவிட்டுக் காத்திருப்போம். புதிதாக வருகிறவர்கள் முதல் நாள் சிரிப்பார்கள், மறுநாளிலிருந்து அவர்களும் கத்துவார்கள்.

இந்த ஊரில் யாரும் யாருக்கும் “அலசுறேன்” என்று சொல்வதில்லை. எல்லோரும் ஒரே வண்டிக்காக ஒரே நேரத்தில் குழாயைத் திறக்கிறார்கள். கடைசித் தொட்டியில் நிற்பது தெருக்கோடியில் இருக்கும் டீச்சரின் வீடு.

விரைவு வண்டி வந்து கூட்டத்தை வாரிக்கொண்டு போனது. நான் ஏறக்குறைய ஓடினேன். டீச்சர் கையில் வாளியோடு கதவைத் திறந்தார். கீழே அடுப்படிக் குழாயில் நூல் மாதிரி வந்துகொண்டிருந்ததைப் பிடித்து மாடிக்குத் தூக்கிக்கொண்டிருந்தார். வாளியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, அவரையும் அழைத்துக்கொண்டு மாடிக்குப் போய்க் குழாயைத் திறந்து வைத்தேன். இருமியது. இரண்டு சொட்டு. நான் குளியலறை வாசலில் உட்கார்ந்துகொண்டேன்.

“என்னம்மா, வேண்டுதலா?” என்றார் டீச்சர்.

“வண்டி போயிடுச்சு. இப்ப வரும் பாருங்க.”

அவர் நம்பாமல் கதவில் சாய்ந்து நின்றார். கொஞ்ச நேரத்தில் குழாய் மறுபடி இருமியது, பிறகு சொட்டியது, சொட்டு நூலானது, நூல் திரண்டு கயிறானது. கடைசியில் ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர் போலவே கொட்டியது. டீச்சர் குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நான் ஏதோ செய்துவிட்டேன் என்பது போல.

அவருக்கு விளக்கியதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஊர்த் தண்ணீர்த் தொட்டி தெருவின் மறு கோடியில் மேட்டின்மேல் இருக்கிறது. அங்கிருந்து ஒரு பெரிய குழாய் தெருவுக்கு அடியில் வருகிறது. குழாயில் தண்ணீர் நகராமல் நிற்கும்போது, அது தான் புறப்பட்ட உயரத்துக்கே மறுபடி ஏறப் பார்க்கும். மாடி என்ன, மொட்டை மாடிக்கே ஏறும். ஆனால் வழியில் எல்லா வீட்டிலும் திறந்துவிட்டால் தண்ணீர் வேகமாக ஓட வேண்டியிருக்கிறது. ஓடும்போது குழாயின் உள்சுவரில் உரசி உரசித் தன் பலத்தை இழக்கிறது. வழி நெடுகக் கொடுத்துவிட்டு, கடைசி வீட்டுக்கு வரும்போது தரையில் தவழத்தான் தெம்பு இருக்கும், மாடி ஏற இருக்காது. ஞாயிற்றுக்கிழமை ஊர் அவரவர் இஷ்டத்துக்கு எழுந்து குளிக்கிறது, அதனால் கடைசி வீட்டுக்கும் மிச்சம் இருக்கிறது.

டீச்சர் குழாய்க்காரரை வரச் சொன்னார். தடித்த மீசை, தோளில் ஒரு கோணிப் பை. நான் சொன்னதைத் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, விரைவு வண்டி இந்த ஊரில் நிற்க ஆரம்பித்தது எப்போது என்று தனக்குத்தானே யோசித்தார். அதற்கு முன்னால் ஆளுக்கொரு வண்டி, ஆளுக்கொரு நேரம் என்று இருந்ததாம். எந்த வருஷம் என்று அவரும் டீச்சரும் கூடிப் பேசிக் கண்டுபிடித்தார்கள். டைல்ஸ் போட்ட அதே வருஷம்.

டீச்சர் சுவரில் இருந்த டைல்ஸைத் தடவிப் பார்த்தார். “இத்தனை வருஷமா அவனைத் தெருவுல பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போவேன்” என்றார் பிறகு.

“அவனும் சொல்லிச் சொல்லிப் பொலம்புவான் டீச்சர். நானும் அவன்தான் பண்ணியிருப்பான்னு நெனச்சேன்” என்றார் குழாய்க்காரர்.

காரணம் தெரிந்துவிட்டால் வைத்தியம் பாதி முடிந்த மாதிரி. ஊர் தூங்கும்போது குழாயில் பலம் நிறைய இருக்கிறது, யாரும் பயன்படுத்துவதில்லை. அப்போது தண்ணீரை மேலே ஏற்றிப் பிடித்து வைத்துக்கொண்டால், காலையில் தெருக்குழாயிடம் கை நீட்ட வேண்டியதில்லை. அந்த வீட்டில் மொட்டை மாடித் தொட்டி இல்லை. நேராகத் தெருக்குழாயிலிருந்தே எல்லாம். குழாய்க்காரர் மாடிக் குழாயில் ஒரு நெளிகுழாயைச் செருகி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினார். கையை உயர்த்தித் தலைக்கு மேலே பிடித்தார். அங்கேயும் தண்ணீர் வந்து அவர் முகத்திலேயே விழுந்தது. அவர் மீசையைத் துடைத்துக்கொண்டு சிரித்தபோது, வீடு எங்களுக்குத்தான் என்று எனக்குத் தோன்றியது.

அன்றைக்கே சோதனைக்காக ஒரு நீல பிளாஸ்டிக் டிரம்மை மேலே ஏற்றினோம். தெருவிலிருந்து மாடிக்கு ஏறும் குழாயை டிரம்முக்குத் திருப்பி, மேல் விளிம்பில் தண்ணீர் விழும் வாயில் ஒரு மிதவைப் பந்து பொருத்தினார். தண்ணீர் நிறைய நிறையப் பந்து உயரும், முழுதும் நிறைந்ததும் பந்து வழியை அடைத்துவிடும். டிரம்மின் அடியிலிருந்து இன்னொரு குழாய் இறங்கிக் குளியலறைக்குப் போகும். மாடிக் குழாய்க்கும் தெருவுக்கும் இனி நேர்ப் பேச்சு கிடையாது, எல்லாம் டிரம் மூலமாகத்தான்.

மிதவைக்குக் கீழே தண்ணீர் விழும்போது பேரிரைச்சலாக இருந்தது. டீச்சர் சின்னச் சத்தத்துக்கும் விழித்துக்கொள்கிறவர். வீட்டை விற்பதற்குள் அவர் தூக்கத்தை ஏன் கெடுப்பது என்று நான் ஒரு நெளிகுழாய்த் துண்டை மிதவையின் வாயில் மாட்டி, அதன் நுனியை டிரம்மின் அடி வரை இறக்கிவிட்டேன். சத்தம் அடங்கிவிட்டது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

நான் கடைக்குத் தொலைபேசியில் வார முடிவு வரை விடுப்பு சொல்லிவிட்டு அங்கேயே தங்கினேன். கணவர் மாலையில் நேராக ஆஸ்பத்திரியிலிருந்து அங்கே வந்து சேர்ந்தார். டிரம்மைத் தட்டிப் பார்த்தார், கழுத்து வரை நிறைந்த சத்தம் கேட்டது. மறுநாள் காலையில் அவர் குளிக்கப் போனபோது நானும் டீச்சரும் கீழே காபி போட்டுக்கொண்டு காது கொடுத்திருந்தோம். தண்ணீர் விழும் ஓசை கேட்டது. டீச்சர் என் கையைத் தட்டினார். ஓசை மெலிந்தது. பிறகு நின்றது.

“ஏய்” என்று மேலிருந்து குரல் வந்தது. “சோப்பு போட்டுட்டேன்.”

டீச்சர் அடுப்படியில் பிடித்து வைத்திருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு நான் ஓடினேன். அவர் அரைகுறையாகக் கழுவிக்கொண்டு, ஒரு காது மடலில் நுரையோடு ஸ்டேஷனுக்குப் பாய்ந்தார். போகும்போது திட்டவில்லை. “விட்டுடு. வேற ஊர் பாப்போம்” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அவர் போனதும் மொட்டை மாடிக்கு ஏறினேன். டிரம்மில் அடியில் ஒரு விரற்கடை தண்ணீர்தான் கிடந்தது. ஒரு ஆள் அரைக் குளியலுக்கு இவ்வளவு செலவாகாது. ஒழுகியிருந்தால் தரை நனைந்திருக்க வேண்டும். சுற்றிலும் தடவிப் பார்த்தேன், காய்ந்து கிடந்தது. மேலே ஏறிய தண்ணீர் எங்கே போயிற்று?

அப்போது ஒரு சத்தம் கேட்டது. குழந்தை தம்ளரின் அடியில் மிச்சப் பாலை உறிஞ்சுவது போல. டிரம்முக்குள் நான் மாட்டிய நெளிகுழாயிலிருந்துதான் வந்தது. கையை உள்ளே விட்டு அதன் நுனியைத் தூக்கி உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். குழாய் என் தோலைப் பிடித்து உள்ளே இழுத்தது.

தண்ணீர் கொடுக்க வேண்டிய குழாய் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது.

அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ராத்திரி தெருக்குழாயில் பலம் இருந்தபோது தண்ணீர் மேலே ஏறி டிரம்மை நிறைத்திருக்கிறது. காலையில் ஊர் குளிக்க ஆரம்பித்ததும் கீழே பலம் போய்விட்டது. டிரம்மில் கொஞ்சம் குறைந்ததும் மிதவைப் பந்து இறங்கி வழியைத் திறந்திருக்கிறது. நெளிகுழாயின் நுனி தண்ணீருக்குள் மூழ்கியே இருந்ததால், வந்த வழியிலேயே தண்ணீர் திரும்பிக் கீழே இறங்கியிருக்கிறது. சத்தம் வராமலிருக்க நான் செய்த காரியம், டிரம்முக்கே உறிஞ்சுகுழல் போட்ட மாதிரி ஆகிவிட்டது.

குழாய்க்காரர் வந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “உங்க வீட்டுக்காரர் குளிக்க வேண்டிய தண்ணியில எதிர்வீடு, பக்கத்து வீடு எல்லாம் குளிச்சிருக்கு. ஊருக்கே மொட்ட மாடியிலேர்ந்து தண்ணி விட்டிருக்கீங்க” என்றார். நெளிகுழாயை உருவி எறிந்தேன். இப்போது மிதவையின் வாய்க்கும் நீர்மட்டத்துக்கும் நடுவில் ஒரு சாண் காற்று. காற்றைத் தாண்டித் தண்ணீர் கீழே விழலாம், காற்றைத் தாண்டி மேலே ஏறிக் குழாய்க்குள் திரும்பிப் போக முடியாது. அதற்கு மேல் நம்பிக்கைக்கு, தெருவிலிருந்து வரும் குழாயிலும் ஒரு ஒருவழி வால்வு போட்டார். அதற்குள்ளே ஒரு சின்னக் கதவு, வருகிற தண்ணீருக்குத் திறக்கும், திரும்புகிற தண்ணீர் தள்ளினால் தானே சாத்திக்கொள்ளும். விழும் தண்ணீரின் இரைச்சலுக்கு டீச்சர் தானே ஒரு வழி கண்டுபிடித்தார். தையல் வகுப்பில் மிஞ்சிய துணிகளை அடுக்கி மெத்தையாகத் தைத்து டிரம்மின் மூடிக்குமேல் போர்த்தினார்.

கணவரை மறுபடி வரவழைப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது. அன்று மாலை அவர் வீடு திரும்பியதும் தொலைபேசியில் எல்லாவற்றையும் விளக்கினேன். நெடுநேரம் கேட்டுவிட்டு, “அப்ப, காலையில என் தண்ணியத்தான் தெருவே குளிச்சுதா?” என்றார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்னாலிருந்து மாமனார் என்னவோ கேட்பதும், இவர் சொல்வதும், அவர் இருமி இருமிச் சிரிப்பதும் கேட்டது. “போடா, போய் உன் பங்கக் குளிச்சிட்டு வா” என்று அவர்தான் அனுப்பி வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை. நாங்கள் காபி போடவில்லை. நானும் டீச்சரும் மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தோம். கீழே அடுப்படிக் குழாயைத் திறந்து வைத்திருந்தேன், அது நூலாகி, சொட்டாகி, நின்றே போனது. ஊர் குளிக்க ஆரம்பித்துவிட்டது. மேலே கதவு சாத்தும் சத்தம். தண்ணீர் விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது. அவர் பாட ஆரம்பித்தார். என் கணவர் பாடி நான் கேட்டது அதுதான் முதல் தடவை, ராகமெல்லாம் ஒன்றும் இல்லை. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இன்னும் பாடறாரே, வண்டி போயிடப் போவுது” என்றார்.

மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். பிளாட்பாரத்தில் அந்த ஈரத் தலைகளுக்கு நடுவில் இன்னொரு ஈரத் தலை போய்ச் சேர்ந்துகொண்டது. திரும்பி இந்த ஜன்னலைப் பார்த்து, ஒரு காது மடலைத் தொட்டுக் காட்டினார். நுரை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வண்டி நிறுத்துமிடக்காரருக்கு இல்லை என்று சொல்லிவிட்டார். மாத முடிவுக்குள் கையெழுத்தாயிற்று. சாவியை என் கையில் வைத்தபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். முன்னறையில் தலை அலசும் தொட்டிக்குப் பின்னால் டைல்ஸ் போட வேண்டுமல்லவா, அந்த வேலையை அந்த டைல்ஸ்காரருக்கே கொடுக்க வேண்டும். கொடுத்தேன். டீச்சரே வந்து நின்று, அவர் வேலை முடியும் வரை குறை சொல்லிக்கொண்டே இருந்தார். அவரும் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டார்.

டிரம்மின் இடத்தில் இப்போது பெரிய தொட்டி. முன்னறைக்கும் அதிலிருந்துதான் தண்ணீர். மாமனார் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தினமும் மாடிக்கு ஏறி, மகனுக்கு முன்னால் குளித்துவிடுகிறார். கேட்டால், வரிசையில் மூத்தவர் முதலில் என்கிறார்.

கடை திறந்த அன்று காலை, நாற்காலியில் முதலில் வந்து உட்கார்ந்தது எதிர்வீட்டுப் பெண். அன்றைக்குப் பிளாட்பாரத்தில் துண்டால் துவட்டிக்கொண்டிருந்தவள். ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. காலையில் வீட்டில் தண்ணீர் நின்றுவிட்டதாம், பாதித் தலையில் எண்ணெய்ப் பிசுக்கோடு வந்திருந்தாள். தலையைத் தொட்டியில் சாய்த்துக் குழாயைத் திறந்தேன். பழக்க தோஷம், “அலசுறேன்” என்று உரக்கக் கத்திவிட்டேன். யாரும் மூட வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் பிய்த்துக்கொண்டு வந்தது. அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

“எங்க வீட்ல ஒரு சொட்டு இல்ல. உங்களுக்கு மட்டும் எப்படிக்கா இந்த நேரத்துல வருது?”

நான் குழாயை மூடிவிட்டுச் சொன்னேன்.

“மொட்ட மாடியில ஒரு தொட்டி வைங்க. தெருத்தண்ணி அதுக்கு மட்டும் போகட்டும், வீட்டுக் குழாய் எல்லாம் அதுலேர்ந்து வரட்டும். ஊர் தூங்கும்போது அது ரொம்பிக்கும். தண்ணி விழற குழாயோட வாய் மட்டும் தண்ணிக்கு மேல ஒரு சாண் ஒசரத்துல இருக்கணும்.”